காப்பிப் பானையும் மீன் மணியும்

இன்டர்நெட்டின் சந்து பொந்துகளில் ஒரு சுற்று

காப்பி தீர்ந்துபோய்விட்டது!

இந்தச் சின்னத் தொல்லையில் இருந்து ஒரு பெரிய அதிசயம் பிறந்தது என்றால் நம்புவீர்களா?

நம்பத்தான் வேண்டும். இது கதை அல்ல. நடந்த சம்பவம்.

இங்கிலாந்து நாட்டில் கேம்பிரிட்ஜ் என்ற ஊர் இருக்கிறது. அங்கே உலகப் புகழ் பெற்ற பல்கலைக்கழகம் ஒன்று உண்டு. 1991-ம் ஆண்டில் அதன் கம்ப்யூட்டர் ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை பார்த்த ஒரு கூட்டத்தாருக்கு ஒரே ஒரு காப்பி யந்திரம்தான் இருந்தது. "டிரோஜன் அறை" என்று ஓர் அறை. அந்த அறை வாசலுக்கு வெளியே அந்த யந்திரத்தை வைத்திருந்தார்கள்.

அறைக்குப் பக்கத்தில் இருந்தவர்கள் கொடுத்து வைத்தவர்கள். காப்பி வடியும் வாசனை வந்ததும் எழுந்து போய் ஊற்றிக்கொள்வார்கள்.

வேறு மாடிகளில் இருந்தவர்கள் பாடுதான் திண்டாட்டம். கோப்பையைத் தூக்கிக்கொண்டு படி ஏறி இறங்கி வருவார்கள். வந்து பார்த்தால் பானை காலி! வெறும் கோப்பையோடு திரும்ப வேண்டும்.

நம் வீடு என்றால், "அம்மா, காப்பி இருக்கிறதா?" என்று ஒரு குரல் கொடுத்தால் போதும். ஆராய்ச்சிக்கூடத்தில் யாரைக் கூப்பிடுவது?

காமிரா காவல்

குவென்டின் ஸ்டாபோர்டு பிரேசர், பால் ஜார்டெட்ஸ்கி என்ற இருவர் யோசித்தார்கள். சும்மா கிடந்த ஒரு காமிராவை எடுத்து, காப்பிப் பானையைப் பார்த்தபடி நிறுத்தினார்கள். காமிராவில் இருந்து கம்பியை இழுத்து ஒரு கம்ப்யூட்டரில் சேர்த்தார்கள்.

அவ்வளவுதான்! அந்தக் கூடத்தில் யார் வேண்டுமானாலும் தங்கள் மேஜையில் இருந்தபடியே பானையைப் பார்க்கலாம். காப்பி இருந்தால் எழுந்து போகலாம். இல்லாவிட்டால் வேலையைப் பார்க்கலாம்.

படம் மிகச் சிறியது. வண்ணம் கிடையாது. நிமிடத்துக்கு மூன்று தடவைதான் மாறும். அது போதும் என்கிறார் ஸ்டாபோர்டு பிரேசர். பானை மெதுவாகத்தானே நிறைகிறது! படம் மங்கலாக இருந்தாலும் குற்றம் இல்லையாம். அந்தக் காப்பியின் நிறமே அப்படித்தான் இருக்குமாம்!

1993 நவம்பர் மாதத்தில் இன்னொரு காரியம் நடந்தது. அதே கூடத்தைச் சேர்ந்தவர்கள் அந்தப் படத்தை இன்டர்நெட்டில் எல்லோரும் பார்க்கும்படி செய்துவிட்டார்கள்.

அதன் பிறகுதான் வேடிக்கை!

அமெரிக்காவில் இருந்து பார்த்தார்கள். ஜப்பானில் இருந்து பார்த்தார்கள். எங்கோ ஒரு கட்டடத்தின் நடைக்கூடத்தில் இருக்கும் பானையில் காப்பி இருக்கிறதா, இல்லையா என்பதை லட்சக்கணக்கான பேர் பார்த்தார்கள். அவர்களில் ஒருவருக்குக்கூட அதில் இருந்து ஒரு வாய் காப்பி கிடைக்கப் போவதில்லை. ஆனாலும் பார்த்தார்கள்!

இன்று உங்கள் பேரன் வெளிநாட்டில் இருந்து செல்போனில் முகம் காட்டிப் பேசுகிறான் அல்லவா? தெரு முனையில் காமிரா வைத்துப் போலீசார் பார்க்கிறார்கள் அல்லவா? இன்டர்நெட்டில் ஓயாமல் ஓடிய காமிராக்களுக்கு எல்லாம் அண்ணன் அந்தக் காப்பிப் பானைக் காமிராதான்.

2001-ம் ஆண்டில் ஆராய்ச்சிக்கூடம் புதுக் கட்டடத்துக்குக் குடி மாறியது. ஆகஸ்டு 22-ந் தேதி காமிராவை நிறுத்தினார்கள். கடைசிப் படத்தில் பானை தெரியவில்லை. பொத்தானை அணைக்கப் போகும் விரல்கள்தான் தெரிந்தன!

பானையை ஏலம் விட்டார்கள். ஜெர்மனி நாட்டு "ஸ்பீகல்" பத்திரிகையின் இணையப் பிரிவு 3,350 பவுன் கொடுத்து அதை எடுத்தது. புது யந்திரமாகவே பல வாங்கலாமே என்று நினைக்கிறீர்களா? நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் புது யந்திரத்தை யார் கண்காட்சியில் வைப்பார்கள்? இந்தப் பானையை இப்போது ஜெர்மனியில் பாடர்போர்ன் என்ற ஊரில் உள்ள கம்ப்யூட்டர் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்திருக்கிறார்கள்.

அதற்கும் முன்னால் ஒரு சோடா!

காப்பிக்கு முன்பே சோடா வந்துவிட்டது என்பது பலருக்குத் தெரியாது.

அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் நகரத்தில் கார்னகி மெலன் பல்கலைக்கழகம் இருக்கிறது. 1982-ல் அங்குள்ள மாணவர்கள், காசு போட்டால் கோக கோலா தரும் யந்திரத்தைக் கம்ப்யூட்டரோடு இணைத்தார்கள். எந்த வரிசையில் புட்டி இருக்கிறது, எந்த வரிசையில் இல்லை என்பது கம்ப்யூட்டரில் தெரியும். அது மட்டுமா? புட்டி உள்ளே போய் எத்தனை நேரம் ஆயிற்று என்பதும் தெரியும். 3 மணி நேரம் ஆகிவிட்டால் "ஜில்" என்று சொல்லிவிடும்!

இன்டர்நெட் என்றாலே படிப்பு, வியாபாரம், வம்பு என்று நினைக்கிறோம். அதன் குழந்தைப் பருவத்தில் அது செய்த வேலைகள் இவை.

இப்போது அது பெரிய பட்டணமாகிவிட்டது. பட்டணத்தில் பெரிய கடைத்தெரு இருக்கும். எல்லோரும் அங்கேதான் போவார்கள். நம் செல்போனிலும் அப்படித்தான். நாலைந்து பெரிய கடைகளைத் தவிர வேறு எங்கும் நாம் போவதில்லை. ஆனால் கடைத்தெருவுக்குப் பின்னால் சந்துகள் இருக்கின்றன. அங்கேதான் விசித்திரமான மனிதர்கள் குடி இருக்கிறார்கள்.

மரத்துக்கு வந்த காதல் கடிதம்

ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் என்பது பெரிய நகரம். பல ஆண்டுகள் நீடித்த கடும் வறட்சியில் அந்த ஊர் மரங்கள் வாடிப்போயின. நகரசபையின் கணக்குப்படி, 20 ஆண்டுகளில் நூற்றுக்குச் சுமார் 40 மரங்கள் பட்டுப்போய்விடும் என்ற நிலைமை.

நகரசபை என்ன செய்தது தெரியுமா? மரங்களை எண்ணியது. சுமார் 70 ஆயிரம் மரங்கள். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுத்தது. எந்த மரம் எந்தத் தெருவில் நிற்கிறது, அதற்கு இன்னும் எத்தனை ஆண்டு ஆயுள் என்பதை எல்லாம் படம் போட்டு இன்டர்நெட்டில் வைத்தது.

2013-ம் ஆண்டில் ஒவ்வொரு மரத்துக்கும் ஓர் ஈமெயில் விலாசமும் கொடுத்துவிட்டது!

மரத்துக்கு எதற்கு விலாசம் என்று கேட்கலாம். "இந்த மரத்தில் கிளை முறிந்து தொங்குகிறது", "அந்த மரத்தில் பூச்சி விழுந்திருக்கிறது" என்று பொது ஜனங்கள் புகார் எழுதுவார்கள். ஆட்களை அனுப்பிக் கவனிக்கலாம். இதுதான் நகரசபையின் எண்ணம்.

புகார்கள் வந்தன. கூடவே வேறு கடிதங்களும் வந்தன. காதல் கடிதங்கள்!

கல்லூரியில் இருந்து வெளியே வந்த ஒருவர் ஓர் எல்ம் மரத்துக்கு எழுதினார். தம்மைத் தாக்கியது அந்த மரத்தின் கிளை அல்ல, அதன் அழகு என்று அதில் சொல்லியிருந்தார். தினமும் பஸ்சில் போகும்போது பார்க்கும் மரத்துக்குச் சிலர் நலம் விசாரித்து எழுதினார்கள். மெல்போர்ன் நகரத்தையே பார்த்திராத வெளிநாட்டுக்காரர்களும் எழுதினார்கள்.

இதைவிட வேடிக்கை, சில மரங்கள் பதிலும் எழுதின!

நகரசபை ஊழியர்கள்தான் மரத்தின் சார்பில் எழுதினார்கள். ஒருவர் ஒரு யூகலிப்டஸ் மரத்திடம், "உன்னைத் திரு என்று அழைப்பதா, திருமதி என்று அழைப்பதா?" என்று கேட்டிருந்தார். தன் பூவிலேயே ஆண் பாகமும் பெண் பாகமும் சேர்ந்து இருப்பதால், தான் திருவும் இல்லை, திருமதியும் இல்லை என்று மரம் விளக்கம் சொன்னது. பள்ளிக்கூடத்தில் தாவர பாடத்தை இப்படிச் சொல்லிக் கொடுத்திருந்தால் நாம் எல்லோரும் நல்ல மார்க் வாங்கியிருப்போம்.

சிரிப்புக்கு இடம் இருந்தாலும், இதில் ஒரு காரியமும் நடந்தது. "மரம் வளர்ப்பீர்!" என்று எத்தனையோ பலகைகள் வைக்கிறார்கள். யாரும் நின்று படிப்பதில்லை. ஒரு மரத்துக்கு எண்ணும் விலாசமும் கொடுத்த உடனே அது நமக்குத் தெரிந்த ஆள் ஆகிவிடுகிறது. தெரிந்த ஆளுக்கு உடம்பு சரியில்லை என்றால் சும்மா இருக்க முடியுமா?

டீச்சர் கேட்ட கேள்வி

நெதர்லாந்து நாட்டில் ஹன்னி வான் ஆர்கெல் என்று ஒரு பள்ளி ஆசிரியை. 2007-ம் ஆண்டு. அவருக்கு வயது 25-க்குள்தான் இருக்கும்.

அந்த ஆண்டு ஜூலை மாதத்தில் வான ஆராய்ச்சி விஞ்ஞானிகள் சிலர் ஓர் இணையதளத்தைத் தொடங்கியிருந்தார்கள். அதன் பெயர் "கேலக்சி ஸூ". விஞ்ஞானிகளிடம் சுமார் 9 லட்சம் நட்சத்திர மண்டலங்களின் படங்கள் இருந்தன. ஒவ்வொரு மண்டலமும் சுருள் வடிவமா, உருண்டை வடிவமா என்று பிரிக்க வேண்டும். கம்ப்யூட்டர் இதில் அடிக்கடி ஏமாந்துபோகும். மனிதக் கண் ஏமாறாது. ஆனால் இத்தனை படங்களை யார் பார்ப்பது?

"பொதுமக்களே, நீங்கள் பார்த்துச் சொல்லுங்கள்" என்று கேட்டார்கள். படிப்பு வேண்டாம், பட்டம் வேண்டாம். கண் இருந்தால் போதும். முதல் ஆண்டிலேயே ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வந்துவிட்டார்கள்.

ஹன்னிக்குப் பாட்டு பிடிக்கும். "குவீன்" இசைக் குழுவின் கிட்டார் கலைஞர் பிரையன் மே வான சாஸ்திரமும் படித்தவர். அவருடைய இணையதளத்தைப் பார்க்கப் போனபோதுதான் இந்த இடம் ஹன்னியின் கண்ணில் பட்டது. பாட்டுக்காகப் போனவர் நட்சத்திரம் பார்க்க உட்கார்ந்துவிட்டார்!

ஒரு நாள், ஒரு படத்தில் நட்சத்திர மண்டலத்துக்குக் கீழே ஏதோ ஒரு கறை போலத் தெரிந்தது. வேறு யாராவது இருந்தால் "அழுக்கு" என்று தள்ளிவிட்டுப் போயிருப்பார்கள். ஹன்னி போகவில்லை. "இது என்ன?" என்று விஞ்ஞானிகளிடம் கேட்டார்.

விஞ்ஞானிகளுக்கும் தெரியவில்லை!

பெரிய பெரிய தொலைநோக்கிகளை அந்தப் பக்கம் திருப்பினார்கள். ஹப்பிள் விண்வெளித் தொலைநோக்கியும் அதைப் படம் பிடித்தது. 2011 ஜனவரியில் அந்தப் படம் வெளியானது. பச்சை நிறத்தில் ஒளிவிடும் ஒரு பெரிய வாயு மேகம். நம்மிடம் இருந்து சுமார் 65 கோடி ஒளி ஆண்டு தூரம்.

அதற்குப் பக்கத்தில் உள்ள மண்டலத்தின் நடுவில் ஒரு காலத்தில் மகா பிரகாசமான ஒளி இருந்திருக்கிறது. பிறகு அது மங்கிவிட்டது. ஆனால் அது அனுப்பிய வெளிச்சம் இந்த மேகத்தில் பட்டு இன்னும் ஒளிர்கிறது. விளக்கை அணைத்த பிறகும் எதிர்ச் சுவரில் வெளிச்சம் தெரிந்தால் எப்படி இருக்கும்? அப்படித்தான் இது. வானத்தில் தூரம் அதிகம் அல்லவா? அதனால் வெளிச்சம் வந்து சேர நாள் ஆகிறது.

அந்த மேகத்துக்கு "ஹன்னீஸ் வோர்வெர்ப்" என்று பெயர். வோர்வெர்ப் என்றால் டச்சு மொழியில் "பொருள்" என்று அர்த்தம். ஹன்னியின் பொருள்! ராஜா ராணிகளுக்குக் கிடைக்காத சொத்து ஒரு பள்ளி ஆசிரியைக்குக் கிடைத்தது.

புள்ளி விற்ற மாணவர்

எல்லாச் சந்துகளும் இப்படி அழகானவை என்று சொல்ல மாட்டேன். சில வெறும் கூத்து.

2005-ல் அலெக்ஸ் டியூ என்ற 21 வயது இங்கிலாந்து மாணவருக்குக் கல்லூரிச் செலவுக்குப் பணம் இல்லை. ஒரு இணையப் பக்கத்தைத் திறந்தார். அதில் 10 லட்சம் புள்ளிகள். ஒரு புள்ளி ஒரு டாலர் என்று விளம்பரத்துக்கு விற்றார்! குறைந்தது 100 புள்ளி வாங்க வேண்டும். கடைசி ஆயிரம் புள்ளிகளை ஏலம் விட்டார். அதற்கு மட்டும் 38,100 டாலர். மொத்தம் 10 லட்சத்து 37 ஆயிரத்து 100 டாலர். நாலைந்து மாதத்தில் வேலை முடிந்துவிட்டது!

அந்தப் பக்கத்தைப் பார்த்தால் கண் கூசும். பொருட்காட்சிக் கடைகளை எல்லாம் ஒரு தபால் அட்டையில் ஒட்டியது போல இருக்கிறது. எனக்குப் பிடிக்கவில்லை. வேடிக்கை என்னவென்றால், அதே அலெக்ஸ் டியூ பின்னர் தியானம் செய்யவும் தூங்கவும் உதவும் "காம்" என்ற நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர் ஆனார்.

அடுத்த வீட்டு ஜன்னல்

2020-ம் ஆண்டை யாரும் மறக்க முடியாது. கொரோனா காலம். வீட்டை விட்டு வெளியே தலைகாட்ட முடியவில்லை.

சிங்கப்பூரில் இருந்த சோனாலி ரஞ்சித், வைஷ்ணவ் பாலசுப்பிரமணியம் தம்பதிக்கு, தங்கள் ஜன்னலையே பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது. "வேறு ஒருவர் வீட்டு ஜன்னலில் இருந்து பார்த்தால் எப்படி இருக்கும்?" என்று நினைத்தார்கள். "விண்டோ ஸ்வாப்" பிறந்தது. ஜன்னல் மாற்று என்று சொல்லலாம்.

உலகத்தின் எந்த மூலையில் உள்ளவரும் தம் வீட்டு ஜன்னலுக்கு வெளியே தெரிவதைப் பத்து நிமிடம் படம் எடுத்து அனுப்பலாம். நாம் பொத்தானைத் தட்டினால் ஏதோ ஒரு ஊரின் ஜன்னல் திறக்கும். ஓர் ஊரில் மழை பெய்யும். ஓர் ஊரில் பனி விழும். ஒரு பூனை ஜன்னல் ஓரத்தில் தூங்கும். யாரும் பேச மாட்டார்கள். ஒன்றும் நடக்காது. அதுதான் அதன் சுகம். படுக்கையில் இருக்கும் பெரியவர்களுக்கு இதைக் காட்டிப் பாருங்கள்.

"ரேடியோ கார்டன்" என்று இன்னொன்று. நெதர்லாந்துக்காரர்கள் 2016-ல் தொடங்கியது. பூமி உருண்டை திரையில் சுழலும். அதன் மேல் பச்சைப் புள்ளிகள். எந்தப் புள்ளியில் நிறுத்துகிறோமோ அந்த ஊர் ரேடியோ பாடும்! எழுத்துக் கூட்டிப் படிக்க வேண்டிய அவசியம் இல்லை. ஒரு விரல் போதும்.

ஒரு எச்சரிக்கை. நான் சொன்ன இடங்களைப் பார்க்கப் பணம் கேட்பதில்லை. இவற்றைப் போன்ற பெயரை வைத்துக்கொண்டு யாராவது வங்கி எண்ணோ, செல்போனுக்கு வரும் ரகசிய எண்ணோ கேட்டால், உடனே மூடிவிட்டு வெளியே வந்துவிடுங்கள்.

காணாமல் போன ஊர்

இப்போது ஒரு வருத்தமான சங்கதி.

1990-ம் ஆண்டுகளில் "ஜியோசிட்டீஸ்" என்று ஓர் ஊர் இருந்தது. இன்டர்நெட்டில் கட்டிய ஊர்தான். யார் வேண்டுமானாலும் அங்கே இலவசமாக ஓர் இடம் வாங்கி, தங்கள் சொந்தப் பக்கத்தை அமைத்துக்கொள்ளலாம். பேட்டை பேட்டையாகப் பிரித்திருந்தார்கள். சினிமாப் பிரியர்களுக்கு ஹாலிவுட் என்ற பேட்டை. குடும்பக்காரர்களுக்கு ஹார்ட்லேண்ட் என்ற பேட்டை. ஒவ்வொரு பக்கத்துக்கும் வீட்டு எண் உண்டு!

இறந்துபோன குழந்தையின் படத்தை வைத்தவர்கள் இருந்தார்கள். வளர்த்த நாய்க்குப் பக்கம் எழுதியவர்கள் இருந்தார்கள். பாட்டியின் சமையல் குறிப்பை எழுதி வைத்தவர்கள் இருந்தார்கள். அலங்காரம் அசட்டுத்தனமாக இருக்கும். மின்னும் நட்சத்திரங்களும் ஆடும் பொம்மைகளுமாக ஒரே கலகலப்பு. ஆனால் எல்லாம் மனிதர்கள் தங்கள் கையால் செய்தவை.

1999-ல் யாகூ நிறுவனம் இந்த ஊரை வாங்கியது. நாளடைவில் மக்கள் வேறு இடங்களுக்குப் போனார்கள். 2009 அக்டோபர் 26-ந் தேதி ஊரையே மூடிவிட்டார்கள். சுமார் 3 கோடியே 80 லட்சம் பக்கங்கள் இருந்தன என்று ஒரு கணக்கு.

ஊர் மூடப் போகிறது என்று தெரிந்ததும் சிலர் ஓடி வந்தார்கள். அவர்கள் யாகூவின் ஆட்கள் அல்ல. சம்பளம் வாங்கியவர்களும் அல்ல. "ஆர்க்கைவ் டீம்" என்று தங்களுக்குப் பெயர் வைத்துக்கொண்ட தொண்டர்கள். வெள்ளம் வரும்போது வீட்டுக்கு வீடு போய்ச் சாமான்களைத் தூக்கி வருவது போல, பக்கம் பக்கமாக நகல் எடுத்தார்கள். முடிந்தவரை காப்பாற்றினார்கள். முழுவதும் முடியவில்லை. தான் எழுதியது இனி இருக்காது என்பதே தெரியாமல் இருந்தவர்கள் எத்தனை பேரோ!

நாமும் இப்போது குழந்தையின் முதல் நடை, தாத்தாவின் குரல், கல்யாணப் படம் எல்லாவற்றையும் யாரோ ஒரு கம்பெனியின் அலமாரியில்தான் வைத்திருக்கிறோம். முக்கியமான நாலு படத்தையாவது காகிதத்தில் போட்டு வீட்டில் வைத்துக்கொள்வது நல்லது என்பது என் அபிப்பிராயம்.

கோயிலில் குடியிருக்கும் பக்கங்கள்

அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோ நகரத்தில் ஒரு பழைய கிறிஸ்தவக் கோயில் இருக்கிறது. வெள்ளைத் தூண்கள் வைத்த கட்டடம். இப்போது அங்கே பூசை நடப்பதில்லை. 2009-ல் அந்தக் கட்டடத்தை "இன்டர்நெட் ஆர்க்கைவ்" என்ற லாப நோக்கம் இல்லாத நிறுவனம் வாங்கியது. புரூஸ்டர் கேல் என்பவர் 1996-ல் தொடங்கிய நிறுவனம் அது.

இன்டர்நெட்டில் வரும் பக்கங்களை எல்லாம் அழிவதற்கு முன்பே நகல் எடுத்துப் பாதுகாப்பது இவர்கள் தொழில். 2025-ல் நகல்களின் எண்ணிக்கை ஒரு லட்சம் கோடியைத் தொட்டது! அணைந்துபோன காப்பிப் பானைப் பக்கத்தின் பழைய நகலையும் இங்கே தேடிப் பார்க்கலாம்.

கோயில் மண்டபத்தில் கம்ப்யூட்டர் அலமாரிகள் நிற்கின்றன. அவற்றில் சின்னச் சின்ன விளக்குகள் மின்னிக்கொண்டே இருக்கும். உலகத்தில் யாரோ ஒருவர் ஏதோ ஒரு பழைய பக்கத்தைத் திறக்கிறார் என்பதற்கு அது அடையாளம். மண்டபத்தின் ஓரங்களில் பொம்மைகள் வரிசையாக நிற்கின்றன. அங்கே மூன்று ஆண்டு வேலை பார்த்த ஊழியர்களின் உருவங்கள் அவை! சாமி சிலை இருக்க வேண்டிய இடத்தில் குமாஸ்தாவுக்குச் சிலை. உத்தியோகத்தில் இருக்கும் வாசகர்கள் பெருமூச்சு விடலாம்.

நம் தமிழுக்கும் அப்படி ஒரு சந்து உண்டு. பெயர் "மதுரைத் திட்டம்". இருக்கும் இடம் மதுரை அல்ல. 1998-ம் ஆண்டு பொங்கல் திருநாளில், சுவிட்சர்லாந்து நாட்டில் வசித்த கல்யாணசுந்தரம் என்ற விஞ்ஞானி இதைத் தொடங்கினார். பல நாடுகளில் உள்ள தமிழர்கள், வேலை முடிந்து வந்த பிறகு வீட்டில் உட்கார்ந்து, பழைய நூல்களை எழுத்து எழுத்தாகக் கம்ப்யூட்டரில் ஏற்றினார்கள். ஒருவர் ஏற்றியதை இன்னொருவர் பிழை பார்ப்பார். காசு கிடையாது. முதல் எண் பெற்ற நூல் திருக்குறள். சங்க நூல்கள், கம்ப ராமாயணம், பாரதியார் பாடல்கள் என்று இன்று நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. பள்ளிக்கூடப் பிள்ளைகள் இலவசமாக எடுத்துப் படிக்கலாம்.

மீனுக்கு மணி

கடைசியாக, எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்த இடத்துக்கு வருகிறேன்.

நெதர்லாந்து நாட்டில் உட்ரெக்ட் என்பது பழைமையான நகரம். ஊருக்குள் கால்வாய்கள் ஓடுகின்றன. ஓர் இடத்தில் படகுகள் கடந்து போக ஒரு மதகு இருக்கிறது. மரக் கதவுகள் வைத்த மதகு. படகு வந்தால் காவலர் கதவைத் திறப்பார்.

வசந்த காலம் வந்ததும் மீன்கள் முட்டையிட இடம் தேடி ஊர் வழியாக நீந்திப் போகும். எத்தனையோ தலைமுறையாக அவை போகும் பாதை அது. ஆனால் அந்த மாதங்களில் படகுப் போக்குவரத்துக் குறைவு. படகு இல்லாவிட்டால் கதவு திறப்பதில்லை. மீன்கள் வந்து மூடிய கதவுக்கு முன்னால் கூட்டமாகக் காத்துக் கிடக்கும்.

பிரசவத்துக்குப் போகும் பெண், ரயில்வே கேட்டில் மாட்டிக்கொண்டால் எப்படி இருக்கும்?

அதிலும் இங்கே ஆபத்து அதிகம். காத்துக் கிடக்கும் மீனைக் கொத்திப் போக மேலே பறவைகள் இருக்கின்றன. விழுங்கிவிட, தண்ணீருக்குள் பெரிய மீன்கள் இருக்கின்றன.

மார்க் வான் ஹோய்கெலம் என்ற சூழல் நிபுணர் ஒரு யோசனை சொன்னார். மீனுக்கு மணி அடிக்கத் தெரியாது. மனிதர்கள் அதற்காக அடித்தால் என்ன?

2021-ம் ஆண்டு மதகின் அடியில், தண்ணீருக்குள் ஒரு காமிராவை வைத்தார்கள். அந்தப் படம் இன்டர்நெட்டில் ஓடுகிறது. பக்கத்தில் ஒரு பொத்தான். திரையில் மீன் தெரிந்தால் நாம் பொத்தானை அமுக்க வேண்டும். உடனே அந்த மீனின் படம் பதிவாகிவிடும். கதவுக்கு முன்னால் போதுமான மீன்கள் காத்திருக்கின்றன என்று தெரிந்ததும், மதகுக் காவலர் கதவைத் திறந்துவிடுவார். மீன்கள் போய்விடும்!

ஆண்டுதோறும் மார்ச் முதல் மே வரை இது நடக்கிறது. உலகம் முழுவதிலும் இருந்து பல லட்சம் பேர் பார்க்கிறார்கள். பெரும்பாலான நேரம் திரையில் ஒன்றும் இருக்காது. பச்சைத் தண்ணீர்தான். ஒரு இலை மிதந்து போகும். ஒரு குமிழி வரும். திடீரென்று மங்கலாக ஒரு நிழல். "மீனா, இலையா?" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்ப்பதற்குள் ஒரு விலாங்கு நெளிந்து போகும்.

நானும் பார்த்தேன். 40 நிமிடம் தண்ணீரைத்தான் பார்த்தேன். வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். பிறகு ஒவ்வொருவராக வந்து பின்னால் நின்றார்கள். ஒரு பெர்ச் மீன் வந்தது. உடம்பில் வரி வரியாகக் கோடு. கண்ணாடியில் மூக்கு வைத்துப் பார்க்கும் குழந்தை போலக் காமிராவுக்கு முன்னால் வந்து நின்றது. பொத்தானை அமுக்கியது நான் அல்ல. எனக்குப் பின்னால் இருந்து நீண்ட ஒரு சின்னக் கை!

நீங்களும் பார்க்கலாம். செல்போனில் மைக் படத்தைத் தொட்டு, "பிஷ் டோர்பெல்" என்று சொல்லுங்கள். வந்துவிடும். மார்ச், ஏப்ரல், மே மாதங்களில்தான் மணி வேலை செய்யும். இருட்டு நேரத்திலும் விடியும் நேரத்திலும் மீன் நடமாட்டம் அதிகம். நெதர்லாந்து நேரம் நமக்குப் பிந்தியது. ஏப்ரல் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நம் ஊரில் காலைப் பலகாரம் முடிந்து மணி 10½ ஆகும்போது, உட்ரெக்ட் மதகில் பொழுது விடிந்துகொண்டிருக்கும்.